வீனஸ் முனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீனஸ் முனை எங்கே இருக்கிறது?

தென் பசிபிக்கில், பிரெஞ்சு பொலினீசியாவின் பெரிய தீவான தாகித்தியின் வட கோடியில் இருக்கிறது. தலைநகர் பாப்பீட்டேயிலிருந்து கரையோரச் சாலையில் கிழக்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் சென்றால் மகினா என்னும் ஊர் வரும். அதன் எல்லைக்குள் கடலை நோக்கி நீளும் தாழ்ந்த மணல் நிலந்தான் இந்த முனை. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே பதினேழரைப் பாகையிலும் கிரீன்விச்சுக்கு மேற்கே நூற்று நாற்பத்தொன்பதரைப் பாகையிலும் அமைந்திருக்கிறது. முனை என்றதும் செங்குத்தான பாறையையும் அதன் அடியில் மோதும் அலையையும் எதிர்பார்த்துச் செல்பவர்கள் ஏமாந்துபோவார்கள். நம் கோடியக்கரையைப் போலத் தட்டையான நிலம் இது. மேற்கே மத்தாவாய் விரிகுடா வளைந்து கிடக்கிறது; அக்காலப் பாய்க்கப்பல்கள் பெரும்பாலும் நங்கூரமிட்டது அங்கேதான்.

காதல் தெய்வத்தின் பெயரா இது?

இல்லை. தாகித்தியைக் காதல் தீவாக வருணிக்கும் சுற்றுலா விளம்பரங்களால் இந்த மயக்கம் நிலைத்துவிட்டது. பெயரில் இருப்பது கோள். நாம் சுக்கிரன் என்றும் வெள்ளி என்றும் விடியற்காலையில் விடிவெள்ளி என்றும் அழைக்கிறோமே, அதுதான். 1769 ஜூன் 3 அன்று வெள்ளிக் கோள் சூரியனின் முகத்தைக் கடந்து சென்றதை ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக்கின் குழுவினர் இந்த மணல்திட்டில் நின்று அளந்தார்கள். அதற்காக எழுப்பிய காவலிடத்துக்கு வீனஸ் கோட்டை என்று பெயரிட்டார்கள். கோட்டை மறைந்தது, பெயர் முனையின்மேல் ஒட்டிக்கொண்டது.

ஒரு கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க உலகத்தைச் சுற்றி வரவேண்டுமா?

பார்ப்பதற்கு வேண்டியதில்லை, அளப்பதற்கு வேண்டியிருந்தது. கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தி, முதலில் இடக்கண்ணாலும் பிறகு வலக்கண்ணாலும் பாருங்கள். பின்னாலிருக்கும் சுவரில் விரல் இடம் மாறுவதுபோலத் தெரியும். இரு கண்களுக்கும் உள்ள இடைவெளியும் அந்த இடமாற்றமும் தெரிந்தால் விரலின் தொலைவைக் கணக்கிட்டுவிடலாம். இங்கே கண்கள் பூமியின் இரு கோடிகள், விரல் வெள்ளி, சுவர் சூரியன். வடக்கே வெகுதூரத்தில் நிற்பவருக்கும் தெற்கே வெகுதூரத்தில் நிற்பவருக்கும் வெள்ளியின் பாதை சூரியவட்டத்தில் சற்று மேலும் கீழுமாகத் தெரியும். ஆகவே கடக்க எடுக்கும் நேரமும் சில நிமிடங்கள் வேறுபடும். அந்த வேறுபாட்டிலிருந்து சூரியனின் தொலைவைப் பெறலாம் என்று ஆங்கிலேய வானியலாளர் எட்மண்ட் ஹாலி 1716-இல் வழி சொல்லிவிட்டு, அந்நிகழ்வைக் காணாமலேயே 1742-இல் மறைந்தார்.

கோள்கள் எந்த விகிதத்தில் விலகியிருக்கின்றன என்பது கெப்ளர் காலத்திலிருந்தே தெரியும். அந்த விகிதங்களை மைல் கணக்காக மாற்ற ஒரே ஒரு தொலைவு உறுதியாகத் தெரியவேண்டியிருந்தது. வானியலாளர்கள் அதற்காகத்தான் தவித்தார்கள். வெள்ளி இப்படிச் சூரியனைக் கடப்பதை வெள்ளி இடைநகர்வு என்பார்கள். அது எட்டாண்டு இடைவெளியில் இரண்டு முறை நிகழும். பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேல் நிகழாது. 1761-ஆம் ஆண்டின் அளவீடுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. 1769-ஐத் தவறவிட்டால் அடுத்தது 1874. அதாவது அன்று உயிரோடிருந்த எவருக்கும் மறு வாய்ப்பு இல்லை.

தாகித்தியை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? அதைக் கண்டுபிடித்தவர் குக்தானா?

இரண்டாம் கேள்விக்கு முதலில் விடை: இல்லை. கடலோடிப் பொலினீசியர்கள் பல நூற்றாண்டுகளாக அங்கே வாழ்ந்துவந்தார்கள். ஐரோப்பியர்களில்கூட குக் மூன்றாவதாக வந்தவர். 1767 ஜூனில் ஆங்கிலேயக் கப்பல்தலைவர் சாமுவேல் வாலிஸ் ‘டால்ஃபின்’ கப்பலில் மத்தாவாய் விரிகுடாவுக்கு வந்தார். கல்லெறிந்த படகுகள்மேல் அவருடைய பீரங்கிகள் சுட்டுப் பலரைக் கொன்றன. 1768 ஏப்ரலில் பிரெஞ்சுக் கடலோடி பூகென்வில் தாகித்தித் தீவின் கிழக்குக் கரைக்கு வந்துபோனார்.

வாலிஸ் 1768 மே மாதம் இங்கிலாந்து திரும்பியபோது, வேந்திய அறிவியல் கழகம் (ராயல் சொசைட்டி) தென்கடலில் எங்கே ஆட்களை இறக்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தது. நன்னீர், உணவு, பாதுகாப்பான நங்கூரத் துறை, எல்லாவற்றுக்கும் மேலாக அமைவிடம் குறிக்கப்பட்ட ஒரு தீவு என்று அவர் கொண்டுவந்த செய்தி சரியான நேரத்தில் வந்து சேர்ந்தது. இன்னொரு காரணமும் உண்டு. இடைநகர்வு ஏறத்தாழ ஆறு மணி நேரம் நீளும். தாகித்தியில் அது காலை ஒன்பதரைக்குச் சற்று முன்பு தொடங்கிப் பிற்பகல் மூன்றரை அளவில் முடியும். நுழைவு முதல் வெளியேற்றம் வரை முழுவதையும் உயர்ந்த சூரியனில் காணக்கூடிய இடங்கள் உலகில் அதிகமில்லை.

அறிவியல் பணிக்குக் கோட்டை எதற்கு?

குக்கின் கப்பலான ‘எண்டெவர்’ 1768 ஆகஸ்ட் இறுதியில் பிளிமத்தை விட்டுப் புறப்பட்டு 1769 ஏப்ரல் 13 அன்று மத்தாவாயில் நங்கூரமிட்டது. அடுத்த இரண்டு நாட்களுக்குள்ளேயே காவல் வீரன் ஒருவனின் துப்பாக்கியைப் பறித்து ஓடிய தாகித்தியரைச் சுட்டுக் கொன்றார்கள். அதன் பிறகு கோட்டை வேலை மும்முரமாயிற்று. இரு பக்கம் மண்கரையும் அகழியும், விரிகுடாவைப் பார்த்த பக்கம் மரவேலி, ஆற்றுப் பக்கம் இரட்டை வரிசையில் நிறுத்திய பீப்பாய்கள், அவற்றுக்குமேல் சிறு பீரங்கிகள். உள்ளே கூடாரங்களில் வானியல் கடிகாரம், தொலைநோக்கிகள், கோணமானி. வந்தவர்கள் இதை முன்னெச்சரிக்கை என்றார்கள். தங்கள் கரையில் கேட்காமல் அகழி வெட்டியவர்களைப் பற்றித் தாகித்தியர்கள் என்ன எண்ணியிருப்பார்கள் என்பதைச் சொல்லும் நாட்குறிப்பு எதுவும் இல்லை. எழுதியவர்கள் எல்லாரும் வேலிக்கு உள்ளே இருந்தவர்கள்.

கருவி திருடுபோனது உண்மையா?

உண்மை. மே 2 காலையில் கோணமானியை எடுத்துப் பொருத்தச் சென்றபோது, காவலாளி நின்ற கூடாரத்திலிருந்து அது பெட்டியோடு காணாமல் போயிருந்தது. சூரியனும் விண்மீன்களும் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் உள்ளன என்று காட்டும், ஓரடி ஆரமுள்ள, லண்டன் கருவிக் கைவினைஞர் ஜான் பேர்டின் பட்டறையில் உருவான கருவி அது. அது இல்லாவிட்டால் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று வானத்தைக் கொண்டு சரிபார்க்க முடியாது. நேரம் தெரியாவிட்டால் இடைநகர்வை வேடிக்கை மட்டுமே பார்க்கலாம். எட்டு மாதக் கடற்பயணத்தின் பயன் முழுவதும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

இயற்கை அறிஞர் ஜோசப் பேங்க்ஸும் வானியலாளர் சார்லஸ் கிரீனும் கொளுத்தும் வெயிலில் பல மைல் தூரம் உள்நாட்டுக்குள் நடந்தார்கள். வழிகாட்டியவர் தூபுராய் தாமைதே என்ற உள்ளூர்த் தலைவர். ஒவ்வொரு குடியிருப்பிலும் விசாரித்து, யார் கையில் பொருள் இருக்கிறது என்று அறிந்தவரும் அவரே. பெட்டி ஒரு பக்கமும் பாகங்கள் ஒரு பக்கமுமாக ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. புல்லைப் பொதிந்து கட்டித் தூக்கிவந்து, சிறு சேதங்களைச் செப்பனிட்டார்கள். செப்பனிட்டவர் கைத்தொழில் நுட்பம் அறிந்த எர்மன் ஸ்போரிங். இதற்கிடையே கோட்டையில் தூத்தகா என்னும் பெருந்தலைவரைப் பிடித்துவைத்து, பிறகு விடுவித்து, அந்த மனக்கசப்பைத் தீர்க்கப் பல நாட்கள் செலவிட வேண்டியிருந்தது.

இக்கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இன்னொரு திருட்டை விட்டுவிடுகிறார்கள். இடைநகர்வு நாளன்று அதிகாரிகள் தொலைநோக்கியில் கண் வைத்திருந்தபோது, கப்பலின் சரக்கறையை உடைத்து ஏராளமான பெரிய இரும்பாணிகளை மாலுமிகளே திருடினார்கள். இரும்பு இல்லாத தீவில் ஆணிதான் நாணயம். பிடிபட்ட ஒரு மாலுமிக்கு இருபத்துநான்கு கசையடி கிடைத்தது.

ஜூன் 3 அன்று என்னதான் பார்த்தார்கள்?

மேகம் பார்வையைக் கெடுத்துவிடுமோ என்று அஞ்சிக் குக் இரண்டு கூடுதல் குழுக்களை அனுப்பியிருந்தார். ஒன்று மேற்கேயுள்ள மோரேயா தீவுக்கருகில், மற்றொன்று தாகித்தியின் கிழக்குக் கரையோரத் தீவுத்திட்டில். அச்சம் வீணாயிற்று. நாள் முழுவதும் ஒரு மேகம்கூட இல்லை என்று குக் எழுதுகிறார். நண்பகலில் வெயிலில் வைத்த வெப்பமானி 119 பாகை ஃபாரன்ஹீட், அதாவது 48 செல்சியஸைத் தாண்டியது.

குக், கிரீன், தாவரவியலாளர் டேனியல் சொலாண்டர் மூவரும் கோட்டைக்குள் தனித்தனித் தொலைநோக்கிகளில் பார்த்தார்கள். சூரியவட்டத்தின் அகலத்தில் முப்பதில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவான கரும்புள்ளி விளிம்பைத் தொட்டது. முழுவதும் உள்ளே நுழைய ஏறத்தாழ பதினெட்டு நிமிடங்கள் ஆயின. சிக்கல் அங்கேதான் தொடங்கியது. புள்ளி விளிம்பைவிட்டுப் பிரியும் நொடியைத்தான் குறிக்கவேண்டும். ஆனால் அது பிரியவில்லை. குழாய் முனையில் தொங்கும் நீர்த்துளி விழாமல் கழுத்து நீண்டு நிற்குமே, அதுபோல விளிம்புக்கும் கோளுக்கும் நடுவே ஒரு கருங்கழுத்து இழுபட்டு நின்றது. கோளைச் சுற்றி மங்கலான நிழல் ஒன்றும் தெரிந்ததாகக் குக் குறித்திருக்கிறார். அருகருகே நின்றவர்களின் நேரங்களே பல நொடிகள் வேறுபட்டன.

இதைக் கருந்துளி விளைவு என்கிறோம். நெடுங்காலம் வெள்ளியின் வளிமண்டலத்தின்மேல் பழி போட்டார்கள். வளிமண்டலம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாத புதன் கடக்கும்போதும் இதே விளைவு தெரிகிறது. தொலைநோக்கி உருவத்தைச் சற்றே மங்கலாக்குவதும், சூரியவட்டம் விளிம்பை நெருங்க நெருங்க ஒளி குன்றுவதும் சேர்ந்து உண்டாக்கும் தோற்றம் இது என்பதே இன்றைய விளக்கம்.

அப்படியானால் அளவீடு தோற்றுப்போனதா?

அப்படிச் சொல்லும் கட்டுரைகள் பல உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆக்ஸ்போர்டின் தாமஸ் ஹார்ன்ஸ்பி 1771-இல் தாகித்தி உட்பட ஐந்து இடங்களின் அளவீடுகளைக் கொண்டு, சூரியத் தொலைவு 9,37,26,900 மைல் என்று கணக்கிட்டார். இன்றைய மதிப்பு ஏறத்தாழ 9,29,56,000 மைல். வேறுபாடு நூற்றுக்கு ஒன்றைக்கூட எட்டவில்லை. எதிர்பார்த்த துல்லியம் கிடைக்கவில்லை என்பது சரி. குக்கும் மனநிறைவு அடையவில்லை. ஆனால் தோல்வி என்னும் சொல் மிகை. ஆர்க்டிக் நார்வே, அட்சன் விரிகுடா, கலிபோர்னியத் தீபகற்பம் ஆகிய இடங்களில் குளிரிலும் காய்ச்சலிலும் கிடந்து அளந்தவர்களின் எண்களுக்கு எதிர்முனையில் நின்ற தெற்கு எண் இந்த மணல்திட்டிலிருந்து சென்றது.

ஒரே நாள் வேலைதானே. அதற்குப் பின்னும் இந்த முனை ஏன் முக்கியமானது?

என் பார்வையில் முனையின் உண்மையான அறிவியல் வாழ்வு அதற்குப் பின்புதான் தொடங்குகிறது. அந்நாளில் நடுக்கடலில் நெட்டாங்கு (தீர்க்கரேகை) அறிவது பெரும்பாடு. குக்கிடம் முதல் பயணத்தில் கடற்காலமானி, அதாவது கடலிலும் சரியான நேரம் காட்டும் கடிகாரம், இல்லை. நிலவுக்கும் விண்மீன்களுக்கும் இடையிலுள்ள கோணத்தை அளந்து, கிரீன்விச் வெளியிட்ட கடற்பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டார்கள். மூன்று மாதம் ஒரே இடத்தில் உறுதியான தரையில் நின்று மீண்டும் மீண்டும் அளந்ததால், பரந்த பசிபிக்கில் அமைவிடம் ஐயமின்றித் தெரிந்த மிகச் சில புள்ளிகளில் ஒன்றாக இந்த முனை ஆயிற்று.

அதன் பயனை 1773-இலும் 1774-இலும் காணலாம். இரண்டாம் பயணத்தில் குக் மீண்டும் வந்தபோது, ஜான் ஹாரிசனின் புகழ்பெற்ற கடிகாரத்தைப் பார்த்து லார்க்கம் கெண்டல் செய்த காலமானி உடன்வந்தது. கடலில் மாதக்கணக்காக ஆடிக் குலுங்கிய கடிகாரம் எவ்வளவு பிசகியிருக்கிறது என்று அறிய, நெட்டாங்கு தெரிந்த இடம் வேண்டும். ஒரு நிமிடப் பிழை இந்த அகலாங்கில் 26 கிலோமீட்டருக்கு மேல் கப்பலைத் தவறவைக்கும். வில்லியம் வேல்ஸ் என்ற வானியலாளர் முனையில் கூடாரமிட்டு அதைச் சரிபார்த்தார். இந்த வேல்ஸ் யார் என்றால், 1769-இல் அதே இடைநகர்வை அட்சன் விரிகுடாவின் பனியில் நின்று அளந்தவர். வடமுனைக் கணக்கை எழுதிய கை, நான்காண்டு கழித்துத் தென்முனைக் கணக்கு எழுதப்பட்ட மணலில் கருவியை நிறுத்தியது.

1788 அக்டோபரில் ஆங்கிலேயக் கப்பல்தலைவர் வில்லியம் பிளை ‘பவுண்டி’யில் வந்து, மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கு மலிவான உணவாகும் என்ற நோக்கில் ஈரப்பலாக் கன்றுகளை இங்கே தொட்டிகளில் வளர்த்து ஆயிரத்துக்கு மேல் ஏற்றிச் சென்றார். புகழ்பெற்ற மாலுமிக் கலகம் பிறகு நடுக்கடலில் வெடித்தது. கன்றுகள் கடலுக்குள் போயின. 1797 மார்ச்சில் லண்டன் மறைத்தூதர்கள் ‘டஃப்’ கப்பலில் மத்தாவாயில் வந்திறங்கினார்கள்.

1835 நவம்பர் 15 அன்று டார்வின் ‘பீகிள்’ கப்பலில் வந்தார். கப்பல் கணக்கில் அன்று ஞாயிறு. கிழக்கு வழியாக வந்த மறைத்தூதர்களின் நாட்காட்டியில் தீவில் அன்று திங்கள். தீவில் ஞாயிறாக இருந்திருந்தால் படகு தள்ளத் தடை, ஒருவர்கூட எங்களைக் காண வந்திருக்கமாட்டார்கள் என்று அவர் எழுதுகிறார். பிறகு மலைச்சரிவில் ஏறி மோரேயாவைப் பார்த்தார்; சுற்றிலும் வெண்ணுரை வளையம், அதனுள் அமைதியான நீர், நடுவே மலை. சட்டமிட்ட படம்போல இருந்ததாக அவர் வருணித்த அக்காட்சி, எரிமலைத் தீவு மெல்ல அமிழ அமிழப் பவளம் மேல்நோக்கி வளர்கிறது என்ற அவருடைய கருத்துக்குக் கண்முன் நின்ற சான்று. கப்பல்தலைவர் ஃபிட்ஸ்ராய்க்கோ இங்கே வேறு வேலை இருந்தது: இருபதுக்கு மேற்பட்ட காலமானிகளைக் கொண்டு உலகைச் சுற்றி நெட்டாங்குகளை அளந்துவந்த அவருக்கு, அச்சங்கிலியின் ஒரு கண்ணி வீனஸ் முனை.

தாகித்தியர்களுக்கு இந்த அறிவியலில் பங்கே இல்லையா?

உண்டு. ராயாத்தேயா தீவில் பிறந்த துப்பாயா என்னும் பூசாரி, கடல்வழி அறிந்தவர், 1769 ஜூலை 13 அன்று ‘எண்டெவர்’ புறப்பட்டபோது கப்பலேறினார். எழுபதுக்கும் மேற்பட்ட தீவுகள் கொண்ட வரைபடம் ஒன்று அவருடைய அறிவைக்கொண்டு உருவாயிற்று. எங்கே சென்றாலும் தாகித்தி இருக்கும் திசையை அவரால் காட்ட முடிந்தது. நியூசிலாந்தில் மாவோரிகள் பேசியதை அவர் புரிந்துகொண்டபோதுதான், பல்லாயிரம் மைல் கடலுக்குக் குறுக்கே ஒரே மக்கள் பரவியிருக்கிறார்கள் என்பது ஐரோப்பியர்களுக்கு உறைத்தது. கோணமானியும் பஞ்சாங்கமும் வைத்து மூன்று மாதத்தில் ஒரு முனையை அறிந்தவர்களோடு, கருவியே இல்லாமல் ஒரு கடலை அறிந்தவர் சென்றார். 1770 இறுதியில் பட்டாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) நோயுற்று இறந்தார். கிரீனும் ஸ்போரிங்கும் ஓவியர் சிட்னி பார்க்கின்சனும் அடுத்த சில வாரங்களில் கப்பலிலேயே மாண்டார்கள்.

அதே இடைநகர்வைத் தமிழகத்திலிருந்து யாராவது பார்த்தார்களா?

பார்க்க முயன்றவர் ஒருவர் உண்டு. பிரெஞ்சு வானியலாளர் கியோம் லெ ஜென்ட்டி 1761-ஆம் ஆண்டின் இடைநகர்வுக்காகவே புதுச்சேரிக்குப் புறப்பட்டார்; வழியிலேயே நகரம் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் ஆடும் கப்பலிலிருந்து பார்த்தார், அளக்க முடியவில்லை. எட்டாண்டு இந்தியப் பெருங்கடல் பகுதியிலேயே தங்கி, 1768-இல் புதுச்சேரிக்கு வந்து ஆய்வுக்கூடம் அமைத்து, தமிழ்ப் பஞ்சாங்கக்காரர்களின் கிரகணக் கணிப்பு முறையையும் கற்றுப் பதிவுசெய்தார். புதுச்சேரியில் அது ஜூன் 4 விடியற்காலை. சூரியன் எழும்போது இடைநகர்வின் கடைசிப் பகுதி தெரியவேண்டும். மேகம் மூடிக்கொண்டது. எல்லாம் முடிந்த பிறகு வெயில் பளிச்சென்று அடித்தது. 1771-இல் ஊர் திரும்பினால், இறந்தவராகக் கருதி உறவினர் சொத்தைப் பிரிக்க முற்பட்டிருந்தார்கள்.

முனையில் நிற்கும் கலங்கரை விளக்கம் குக் காலத்ததா?

இல்லை. 1867-இல் கட்டப்பட்டது, கோட்டைக்கு ஏறத்தாழ நூறாண்டு பிந்தியது.

மணல் ஏன் கறுப்பு? நாள்தோறும் ஒரே நேரத்தில் கடல் ஏறும் என்று வியந்து சொல்கிறார்களே, அது உண்மையா?

தீவு எரிமலைக் குழம்பு இறுகி எழுந்தது. ஆறுகள் அந்தக் கரும்பாறையை அரைத்துக் கரைக்குக் கொண்டுவருகின்றன; நண்பகலில் வெறுங்காலோடு நடக்க முடியாது. அலையேற்ற வியப்பும் உண்மையே. நம் கரைகளில் கடலேற்றம் நிலவைப் பின்தொடர்ந்து நாள்தோறும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். தாகித்தியின் அமைவிடத்தில் நிலவின் இழுப்பால் வரும் ஏற்றம் மிகவும் சிறுத்துவிடுவதால் சூரியனின் பங்கே ஓங்குகிறது. நண்பகலை ஒட்டியும் நள்ளிரவை ஒட்டியும் கடல் ஏறுகிறது. ஏற்றமும் ஓரடி அளவுதான்.

இப்போது சென்றால் என்ன பார்க்கலாம்?

கோட்டையின் சுவடு எதுவும் இல்லை; மண்கரையும் பீப்பாயும் எத்தனை காலம் நிற்கும்? கலங்கரை விளக்கம், சில நினைவுச் சின்னங்கள், நிழல் மரங்கள், வார இறுதியில் பாயும் சாப்பாடும் கொண்டுவந்து அமரும் உள்ளூர்க் குடும்பங்கள், மேற்கே மோரேயாவின் கூரிய மலைவரிசை. நேரமிருந்தால் மாலையில் செல்லுங்கள். வெள்ளி மேற்கில் தெரியும் மாதங்களாக இருந்தால் அது மோரேயாவின் பக்கம் இறங்குவதைக் காணலாம்.

அடுத்த இடைநகர்வை இங்கிருந்து பார்க்க முடியுமா?

கடைசியாக 2012-இல் நிகழ்ந்தது. தாகித்தியில் நண்பகலை ஒட்டித் தொடங்கி, முடியும் முன்பே சூரியன் மறைந்தது. தமிழ்நாட்டில் சூரியன் எழும்போதே புள்ளி உள்ளே இருந்தது, காலை பத்தரைக்குள் வெளியேறியது. அடுத்தது 2117 டிசம்பரில். அப்போதும் இதே கதைதான்: தாகித்தியில் நிற்பவர்கள் பிற்பகலில் வெள்ளி நுழைவதை மட்டும் காண்பார்கள், நம் கரையில் நிற்பவர்கள், மேகம் விட்டால், அது வெளியேறுவதை மட்டும் காண்பார்கள்.